சாட்டும் காப்பும்: மல்லாங்கிணற்றுக் கரிசலில் பொழுதின் வரலாறு

விருதுநகரிலிருந்து காரியாபட்டிக்குச் செல்லும் சாலையில் அமைந்த மல்லாங்கிணறு, இன்றைய ஆட்சிப் பிரிவின்படி விருதுநகர் மாவட்டத்தின் பேரூராட்சிகளுள் ஒன்று. அதற்குத் தெற்கே அருப்புக்கோட்டையும், அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே குண்டாற்றங்கரையில் திருச்சுழியும் இருக்க, இவற்றைச் சுற்றிக் கிடக்கும் நிலப்பரப்பு 1910 வரை மதுரை மாவட்டத்திலும், அதன்பின் 1985 வரை இராமநாதபுரம் மாவட்டத்திலும் அடங்கியிருந்தது. மழையைத் தவிர வேறு உறுதியான நீராதாரம் இல்லாததால் ‘வானம் பார்த்த பூமி’ என்று அழைக்கப்படும் இந்நிலத்தின் வரலாறு பெரும்பாலும் பஞ்சம், ஜமீன், பருத்தி, சாதி மோதல் ஆகியவற்றின் வழியாகவே சொல்லப்பட்டு வந்திருக்கிறது. இங்கு வாழ்ந்தவர்கள் தங்கள் பொழுதை எவ்வாறு பங்கிட்டுக்கொண்டார்கள், எப்போது உழைத்தார்கள், எப்போது நின்றார்கள், நிற்க வேண்டும் என்று யார் முடிவு செய்தார்கள் என்பதும் அதே அளவு கவனத்துக்கு உரியது. கைப்பேசியின் இடையறாத அழைப்புக்கு நடுவே நிதானமாகவும் தாமே தேர்ந்துகொண்ட ஒழுங்கிலும் வாழ விரும்புவோர் பெருகிவரும் இக்காலத்தில், அந்த நிதானம் ஒவ்வொருவரும் தனித்தனியே மன உறுதியால் அடைய வேண்டிய ஒன்றாகவே கருதப்படுகிறது. கரிசல் ஊர்களில் அது அவ்வாறு இருந்ததில்லை. அங்கு நிதானத்துக்கு நாள் குறிக்கப்பட்டது, அறிவிப்பு இருந்தது, மீறினால் தண்டமும் இருந்தது.

பொழுதின் முதல் அதிகாரி மண்ணே ஆகும். கரிசல் என்பது களித்தன்மை மிகுந்த கருநிற மண். நீர் பட்டால் உப்பிக் குழைந்து காலைப் பிடிக்கும், வெயிலில் காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும், ஆனால் ஒருமுறை ஈரத்தை வாங்கிக்கொண்டால் அதை வாரக்கணக்கில் தன்னுள் வைத்துக் காக்கும். ஈரம் மிகும்போது அதில் ஏரை இறக்க முடியாது. முற்றக் காய்ந்தபின் கொழு மண்ணில் இறங்காது. இவ்விரண்டுக்கும் இடையே உழவுக்கு ஏற்ற ஈரநிலை ஒன்று சில நாள் மட்டுமே நிற்கும். அதைப் ‘பதம்’ என்பர். பதம் வரும்வரை காத்திருப்பதும், வந்தவுடன் வீட்டில் உள்ள அனைவரும் காட்டில் இறங்குவதுமே கரிசல் சம்சாரியின், அதாவது நிலமுடைய உழவுக் குடும்பத்தின், அடிப்படைப் பயிற்சியாக இருந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை பெறும் இப்பகுதியில் அதன் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைப்பதால், அம்மழைக்குச் சற்று முன்பே, புரட்டாசியின் காய்ந்த மண்ணில், மழை வரும் என்னும் நம்பிக்கையை மட்டும் துணைகொண்டு விதைப்பது வழக்கம். பொடி மண்ணில் விதைப்பதால் அதற்குப் பொடி விதைப்பு என்று பெயர். கம்பும் குதிரைவாலியும் உளுந்தும் மார்கழி, தையில் களத்துக்கு வந்துவிடும். கருங்கண்ணி என்னும் நாட்டுப்பருத்தியை எடுப்பது மாசி, பங்குனியில் தொடங்கும். அது முடிந்தபின் காடு வெறுமையாகக் கிடக்கும்.

இந்த ஆண்டுச் சுழற்சியின் தொடக்கமும் தனிமனிதருக்கு உரியதாக விடப்படவில்லை. சித்திரை முதல் நாளிலோ அதையொட்டி ஊரார் குறிக்கும் நல்ல நாளிலோ, கரிசல் ஊர்களின் ஏர்கள் அனைத்தும் ஓரிடத்தில் கூடி ஒரே நிலத்தில் முதல் சால் உழுவதைப் ‘பொன்னேர் பூட்டுதல்’ என்பர். குளிப்பாட்டிப் பொட்டிட்ட மாடுகள், புதுக் கயிறு, நவதானியங்களின் விதைப்பு, பின்பு ஊர் திரும்பும்போது மாடுகள் மீதும் ஆட்கள் மீதும் தெளிக்கப்படும் மஞ்சள் நீர் என அது ஒரு விழாவாகவே நடந்தது. அன்று உழுவதால் விளைச்சலுக்கு நேரடிப் பயன் ஒன்றுமில்லை. விதைப்புக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. ஆண்டின் உழைப்பு எந்த நாளில் தொடங்குகிறது என்பதை ஒருவரும் முந்திக்கொள்ளாமல், ஒருவரும் பின்தங்காமல், ஊர் முழுதும் ஒப்புக்கொள்வதே அதன் பயனாக இருந்தது என்று கொள்வது பொருந்தும்.

பருத்தி எடுப்புக்கும் அடுத்த விதைப்புக்கும் இடைப்பட்ட கோடைப் பொழுதை வெளியார் சோம்பல் என்று எண்ணியதுண்டு. உண்மையில் அம்மாதங்களில்தான் கண்மாய், அதாவது மழைநீரைத் தேக்கும் ஏரி, வற்றிக் கிடந்ததால் அதன் கரையை உயர்த்துதல், நீர் வெளியேறும் மடையையும் மிகைநீர் வழியும் கலுங்கையும் செப்பனிடுதல், வரத்துக்கால்களைத் தூர்வாருதல் ஆகிய பணிகள் வீட்டுக்கு ஓர் ஆளாகக் கூடிச் செய்யப்பட்டன. குடிமராமத்து எனப்பட்ட இவ்வழக்கம் எவ்வளவு வேரோடியிருந்ததெனில், அது தளரத் தொடங்கியபோது அன்றைய ஆங்கிலேய அரசு 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றை இயற்றி அதற்குச் சட்ட வலு ஏற்ற முயன்றது. சட்டத்தால் ஊர்க்கட்டுப்பாட்டின் இடத்தை நிரப்ப முடியவில்லை. வண்டி செப்பம், கூரை வேய்தல், கயிறு திரித்தல், திருமணம், காது குத்து, உறவூர்ப் பயணம் ஆகியவையும் கோடைக்கே ஒதுக்கப்பட்டன. மந்தை எனப்படும் ஊர்ப் பொதுவிடத்தின் மர நிழலில் ஆடுபுலி ஆட்டமும், திண்ணைகளில் தாயமும், இரவுகளில் கதையும் நடந்தன. பாவைக்கூத்தும் ஒயிலாட்டமும் இராஜகம்பளத்தாரின் தேவராட்டமும், நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் (1867-1922) மரபில் மதுரையிலிருந்து வந்த நடிகர்கள் விடிய விடிய நடத்திய ‘ஸ்பெஷல் நாடக’மும் இக்கரிசல் கோடையின் விளைச்சலே. கோயில் கொடைகளை நம்பி வாழ்ந்த நாகசுரக் கலைஞர்களின் அலைந்து திரியும் வாழ்வை, மல்லாங்கிணற்றில் பிறந்த எஸ். ராமகிருஷ்ணன் தம் ‘சஞ்சாரம்’ நாவலில் எழுதி 2018-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றார். அவ்வூரிலேயே பிறந்த தமிழச்சி தங்கபாண்டியனின் கவிதைகளும் இதே மண்ணின் பேச்சைக் கொண்டவை.

நாளுக்குள்ளும் பொழுது இவ்வாறே பொதுவில் அளக்கப்பட்டது. பகலிரவு சேர்ந்த ஒரு நாளை 60 பங்காக்கிய நாழிகை, இன்றைய கணக்கில் 24 நிமிடம்; ஏழரை நாழிகை கொண்டது ஒரு சாமம். நாழிகை பஞ்சாங்கத்துக்கும் கோயிலுக்கும் உரியதாக இருக்க, காட்டில் உழைப்போர் நிழலையும் விண்மீன்களையும் கொண்டே நேரம் அறிந்தனர். கமலை இறைப்போர் விடிவெள்ளி முளைக்கும் முன்பே எழுந்தனர். கமலை என்பது, கிணற்றின் மேல் நாட்டிய மரச்சட்டத்தில் உருளை பொருத்தி, ‘சால்’ என்னும் பெரிய நீர்க்கலத்தை வடக்கயிற்றில் கட்டி இறக்கி, கயிற்றின் மறுமுனையைப் பூட்டிய மாடுகளைச் சரிவான தடத்தில் முன்னோக்கி ஓட்டுவதன் மூலம் நீரை மேலேற்றும் முறை. வெயில் ஏறுமுன் இறைப்பு முடிய வேண்டும். மாடு களைத்தால் நிறுத்த வேண்டும். கிணறு வற்றினால் ஊற்று மறுபடி நீரைச் சேர்க்கும்வரை காத்திருக்க வேண்டும். மாட்டின் மூச்சும் ஊற்றின் வேகமும் வகுத்த அவ்வெல்லையை மனிதரின் ஆசையால் தாண்ட இயலாதிருந்ததாலேயே கிணறுகள் பல தலைமுறைகளுக்கு நின்றன.

இவையெல்லாம் இயற்கை விதித்த நிறுத்தங்கள். ஊரார் தாமே முடிவெடுத்துத் தங்கள்மீது விதித்துக்கொண்ட நிறுத்தம் வேறொன்று உண்டு. இவ்வரலாற்றின் மையம் அதுவே. மாரியம்மன், காளியம்மன் முதலிய தெய்வங்களுக்குப் பங்குனி, சித்திரை மாதங்களில் எடுக்கப்படும் பொங்கல் விழாவுக்குமுன், ஊர்ப் பெரியவர்கள் கூடி நாள் குறித்து, அதைத் தெருத்தெருவாகப் பறையறைந்து அறிவிப்பதைச் ‘சாட்டு’ என்பர். சாட்டியபின் பூசாரிக்கும் விழாவை முன்னின்று நடத்துவோருக்கும் மஞ்சள் கிழங்கு கோத்த நூல் கையில் கட்டப்படும். இதுவே காப்புக் கட்டு. நூல் சிலர் கையில் கட்டப்பட்டாலும் அதன் கட்டுப்பாடு ஊர் முழுமைக்கும் உரியது. காப்புக் கட்டிய நாள்முதல் விழா முடியும்வரை, ஊரார் எவரும் வெளியூரில் இரவு தங்கக் கூடாது. பகலில் எங்குச் சென்றாலும் இருட்டுமுன் திரும்பிவிட வேண்டும். திருமணம் முதலிய வீட்டு விசேடங்கள் நடத்தப்படா. பல ஊர்களில் வீடுகளில் எண்ணெய் காயவைத்துத் தாளிப்பதும், உரலில் மிளகாய் இடிப்பதும், பச்சை மரத்தை வெட்டுவதும் விலக்கப்பட்டன. ஊருக்கு ஊர் ஏழு நாளாகவும் பதினைந்து நாளாகவும் வேறுபட்ட அக்காலத்தில் ஊரின் வேகம் வேண்டுமென்றே குறைக்கப்பட்டது.

அந்நாட்களை நிரப்பியது முளைப்பாரி. சட்டியிலோ ஓட்டிலோ மண்ணும் எருவும் இட்டு நவதானியங்களை விதைத்து, வெயில் படாத அறையில் வைத்துப் பெண்கள் நாள்தோறும் நீர் தெளித்து வளர்ப்பர். மாலைதோறும் அதைச் சுற்றிக் கும்மி கொட்டுவர். கடைசி நாளில் தலையில் சுமந்து ஊர்வலமாகச் சென்று நீரில் கரைப்பர். முளை எவ்வளவு உயரம் வளர்கிறது என்பதைக் கொண்டு வரும் ஆண்டின் விளைச்சலைக் கணிக்கும் நம்பிக்கையும் இருந்தது. விதையின் தரத்தைச் சோதித்துப் பார்க்கும் முறையாகவும் இதைக் காணலாம் என்னும் விளக்கம் தவறானதன்று. ஆயினும் வளர்ச்சியை அவசரப்படுத்த முடியாத ஒன்றை ஊரின் நடுவில் வைத்து, அதன் வேகத்துக்கு ஊர் முழுதும் தன் நாட்களைப் பொருத்திக்கொண்டது என்பதே பொழுதின் வரலாற்றில் கருதத்தக்கது.

காப்புக் கட்டின் தோற்றத்தை அம்மை நோயோடு தொடர்புபடுத்துவதற்கு வலுவான அடிப்படை உண்டு. மாரியம்மன் அம்மையின் தெய்வம். பெரியம்மை பரவும் காலமும் கோடையே. வெளியூரில் தங்காதிருத்தல், உறவினர் கூடும் விசேடங்களை விலக்குதல், தாளிப்பு நெடியைத் தவிர்த்தல், வாசலில் வேப்பிலை செருகுதல் ஆகிய அனைத்தும் அம்மை கண்ட வீட்டுக்கும் விதிக்கப்பட்டவையே ஆதலின், நோய் வந்த வீட்டின் ஒழுங்கை நோய் வருமுன்பே ஊர் முழுதும் ஏற்றுக்கொண்டதன் வடிவமே காப்பு எனலாம். 1975-இல் இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளிகள் கண்டறியப்பட்டு, 1980-இல் உலக நலவாழ்வு நிறுவனம் அந்நோய் ஒழிந்ததாக அறிவித்தபின்னும் காப்பு நின்றுவிடவில்லை. தொடக்கக் காரணம் மறைந்தபின்னும் ஒரு வழக்கம் தொடர்ந்தால், அது வேறொரு தேவையையும் நிறைவேற்றி வந்தது என்றே கொள்ள வேண்டும். அத்தேவை, ஊரார் ஒரே காலத்தில் ஓரிடத்தில் இருப்பது.

இக்கட்டுப்பாடு அனைவர்க்கும் ஒரே எடையோடு விழுந்ததில்லை என்பதை மறைத்து இவ்வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது. சாட்டைப் பறையறைந்து அறிவித்தவர்கள், தாம் அறிவித்த விழாவின் கோயிலுக்குள் நுழைய முடியாத மக்கள். பொன்னேர் நாளில் ஏர் பூட்ட நிலமும் மாடும் வேண்டும். இரண்டும் இல்லாத கூலியாளுக்கு அந்நாள் வேறொருவரின் தொடக்கமே. குண்டாற்றின் கீழ்ப்பகுதியிலுள்ள கமுதியில் 1897-இல் நாடார்கள் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்ததை எதிர்த்து இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி தொடுத்த வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908-இல் நுழைந்தவர்களுக்கு எதிராகவே முடிந்தது. பொதுவிழா என்பதில் ‘பொது’ எவ்வளவு குறுகியிருந்தது என்பதற்கு இது ஒன்றே போதும். நிலமுடையவர்க்கு ஓய்வாக இருந்த கோடை, தானியக் குதிர் இல்லாத வீட்டுக்குப் பசியாக இருந்தது. பெண்களுக்கோ, காடு ஓய்ந்த மாதங்களிலும் நீர் எடுக்கும் தொலைவு கூடியதே அன்றிக் குறையவில்லை.

பசி எல்லை மீறிய ஆண்டுகளில் ஊர்ப் பொழுதின் ஒழுங்கே சிதைந்தது. தாது வருடப் பஞ்சம் என்று மக்கள் நினைவில் நின்ற 1876-78 பெரும்பஞ்சமும் அதற்கு முன்னும் பின்னும் வந்த வறட்சிகளும் இவ்வறள்நிலத்தாரைக் கங்காணிகள் என்னும் ஆள்திரட்டுவோர் வழியாக இலங்கையின் தோட்டங்களுக்கும், பர்மாவுக்கும் மலாயாவுக்கும் அனுப்பின. சென்றவர்களுக்கும் இருந்தவர்களுக்கும் இடையே காலணா விலையில் 1879 சூலை 1 அன்று அறிமுகமான அஞ்சலட்டையும், 1880-இல் தொடங்கிய பண விடையுமே பாலமாயின. எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரிடம் சொல்லி எழுதுவித்து, வந்த மறுமொழியை மற்றொருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்ட அக்குடும்பங்களில், ஒரு செய்தி அனுப்பும் முன்னரே எதைச் சொல்வது, எதை விடுவது என்று பலநாள் பேசி முடிவு செய்யப்பட்டது. அக்காத்திருப்பில் வேதனை மிகுதி. அதை இன்று விரும்பத்தக்கதாகக் காட்டுவது அவர்களுக்குச் செய்யும் தீங்காகும்.

அதே 1879-ஆம் ஆண்டின் டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் வழக்குரைஞர் சுந்தரம் ஐயரின் மகனாகப் பிறந்த வேங்கடராமன், பின்னாளில் இரமண மகரிஷி என்று உலகம் அறிந்தவர். 1892-இல் தந்தை இறந்தபின் மதுரைக்குச் சென்று படித்துவந்த அவர், 1896 ஆகஸ்டு 29 அன்று திண்டிவனத்துக்கு 2 ரூபாய் 13 அணா கொடுத்துச் சீட்டு வாங்கி, ரயிலேறி, இடையில் சில தொலைவு நடந்து, செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலையை அடைந்தார். பின்னர்ச் சில ஆண்டுகள் பேசாமலே வாழ்ந்தார். அமைதியைத் தேடும் இன்றைய உலகம் முன்மாதிரியாகக் கொள்வது இவ்வகையான வாழ்வையே: ஒருவர் தனியாக எழுந்து, இருந்த இடத்தை விட்டு நீங்கி, பேச்சைத் துறப்பது. அதன் பெருமையில் ஐயமில்லை. ஆனால் அவர் பிறந்த ஊரைச் சுற்றியிருந்த காப்புக் கட்டின் வழி இதற்கு நேர் எதிரானது. அது எவரையும் வீட்டைத் துறக்கச் சொல்லாமல், வீட்டுக்குத் திரும்பி வரச் சொன்னது. குடும்பமும் கடனும் ஆடுமாடும் உள்ளவர்களுக்குத் துறவு கிட்டாத நிலையில், ஆண்டில் சில நாளாவது அனைவரும் ஒருங்கே நிற்பதற்கான வழியை அவர்கள் தாமே உண்டாக்கிக்கொண்டார்கள்.

கடிகாரத்தின் பொழுது இந்நிலத்துக்குள் பருத்தி வழியே நுழைந்தது. 1861-65 அமெரிக்க உள்நாட்டுப் போரால் இங்கிலாந்தின் ஆலைகளுக்குப் பஞ்சுத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது தென்மாவட்டக் கரிசல் பருத்தியின் விலை உயர்ந்தது. 1876-இல் தூத்துக்குடி வரை நீண்ட ரயில்பாதை, விருதுபட்டியை (1923 முதல் விருதுநகர்) பெருஞ்சந்தையாக்கியது. ரயில்கள் சென்னை வானாய்வகத்தின் நேரப்படி ஓடின. 1906 சனவரி 1 முதல் இந்தியச் சீர்நேரம் வந்தது. ஆலைகள் எழுந்தபின், 1936-இல் தொடங்கிய இராஜபாளையம் மில்லும் பின்னர் அருப்புக்கோட்டையில் பெருகிய நூற்பாலைகளும் ஊதிய சங்கொலி, சுற்றுவட்டாரத்தின் பொதுக் கடிகாரமானது. ஆலையில் இரவும் பகலும் ‘ஷிப்டு’ என்ற ஒன்றாகிவிட, வீட்டிலிருப்போர் ஒரே வேளையில் உண்பதே அரிதானது.

அருப்புக்கோட்டையின் கைத்தறி இம்மாற்றத்தை வேறுவகையில் எதிர்கொண்டது. தேவாங்கரும் சாலியரும் பிற நெசவுக் குடிகளும் பல தலைமுறைகளாக இயக்கிய குழித்தறி, நெய்பவர் தரையில் தோண்டிய குழியில் கால்களை இறக்கி மிதித்து ஓட்டுவது. நெசவுக்கு முன் நீளவாட்டு இழைகளான பாவினைத் தெருவில் நீட்டிக் கஞ்சியிட்டு உலர்த்தும் வேலை, காற்றும் வெயிலும் ஏறுமுன் விடியலில் பலர் கூடி முடிக்க வேண்டியது. ஒருவர் தனியாக விரைந்து செய்வதற்கு அதில் இடமில்லை. அமாவாசையன்று தறியை ஓட்டுவதில்லை என்னும் வழக்கமும் நெசவாளரிடையே இருந்தது. கூலி இழக்கும் ஒரு நாளை, வறுமையிலும் விட்டுக்கொடுக்காமல் காத்தார்கள் என்பது எண்ணத்தக்கது. ஒருவர் மட்டும் ஓட்டினால் மற்றவரும் ஓட்ட வேண்டியதாகும். ஒருவரும் ஓட்டாதபோதுதான் ஓய்வு இழப்பாகாது. 1985-இல் சில துணிவகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கிச் சட்டம் வந்தபோதிலும் விசைத்தறியின் பெருக்கத்தைத் தடுக்க இயலவில்லை. மின்சாரம் உள்ளவரை ஓடும் விசைத்தறிக்கு அமாவாசையும் ஒரு நாளே.

கோடையின் வெற்றுப் பொழுதை விலைக்கு வாங்கிய தொழில் தீப்பெட்டி. 1923-இல் சிவகாசியின் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்றுவந்து தொடங்கிய இத்தொழில், மழையற்ற வெயிலையே மூலதனமாகக் கொண்டது. பெட்டி ஒட்டுதலும் குச்சி அடுக்குதலும் எண்ணிக்கைக்குக் கூலி என்ற முறையில் கரிசல் வீடுகளுக்குள் வந்தபோது, திண்ணையில் தாயம் ஆடிய கைகள் பெட்டி ஒட்டின. அது பசியை உண்மையாகவே குறைத்தது. ஆனால் எண்ணிக்கைக் கூலிக்கு முடிவெல்லை இல்லை. இன்னும் சிறிது நேரம் இருந்தால் இன்னும் சில காசு என்னும் கணக்கு, உறக்கத்திலும் விளையாட்டிலும் கைவைத்தது. விடியுமுன் வேன்கள் வந்து சுற்றுப்புற ஊர்களிலிருந்து சிறுவர் சிறுமியரை ஏற்றிச் சென்ற காலம் உச்சநீதிமன்றத்தின் கவனத்தை ஈர்த்து, எம். சி. மேத்தா வழக்கில் 1990-லும் 1996-லும் தீர்ப்புகளாக வெளிப்பட்டது. ஓய்வைத் திரும்பக் கேட்கும் உரிமையற்ற குழந்தைகளிடமிருந்தே அது முதலில் பறிக்கப்பட்டது.

மின்சாரமும் இவ்வாறே இருமுகம் கொண்டு வந்தது. காமராசர் முதலமைச்சராக இருந்த 1954-63 காலத்தில் விரைந்து பரவிய கிராம மின்வசதி, கமலை ஓட்டியவரின் முதுகொடியும் உழைப்பை நீக்கியது. ஊற்றுக்காகக் காத்திருக்கும் ஒழுங்கையும் உடன் நீக்கியதால், கிணறுகள் ஆழமாகி, பின் ஆழ்துளைகளாகின. ஊராட்சி அலுவலகத்தில் வைத்த வானொலி, மாலையில் குறித்த நேரத்தில் பலரை ஒருங்கே அமரவைத்தமையால் பழைய மந்தையின் வடிவத்தை ஓரளவு காத்தது. தொலைக்காட்சி கூட்டத்தை வீட்டுக்குள் கொண்டுசென்றது. கைப்பேசி அதை ஒவ்வொருவரின் உள்ளங்கைக்குள் பிரித்து வைத்தது. 2013 சூலையில் தந்திச் சேவை நின்றதும், 2016-க்குப்பின் இணையம் மிக மலிவானதும் கரிசல் ஊர்களிலும் ஒருசேர உணரப்பட்டவை. இன்று இருப்பது, முடிவில்லாத எண்ணிக்கைக் கூலியின் மறுவடிவம்: இன்னும் ஒரு காணொளி, இன்னும் ஒரு செய்தி. அதற்குக் கூலியும் இல்லை.

காப்புக் கட்டு இன்னும் நடக்கிறது. திருப்பூரிலும் சென்னையிலும் வளைகுடாவிலும் வேலை செய்வோர் இரவு தங்காதிருக்க முடியாது என்பதால் கட்டுப்பாடு தளர்ந்து, பொங்கல் நாளுக்கு மட்டுமேனும் வந்துசேர வேண்டும் என்ற அளவில் நிற்கிறது. தலைக்கட்டு வரி, அதாவது வீட்டுக்கு இவ்வளவு என்று விழாவுக்குத் தண்டும் பணம், கைப்பேசி வழியாகவும் செலுத்தப்படுகிறது. முளைப்பாரி ஊர்வலம் நேரலையாக வெளியூர்களை அடைகிறது. இதில் குறைகாண எதுவுமில்லை. வரமுடியாதவர் கண்ணால் காண்பது நன்றே. ஆனால் தாளிப்பையும் வெளியூர் இரவையும் விலக்கிய ஊர், தன் காலத்தின் ஓயாத குறுக்கீட்டை விலக்கும் ஒரு விதியைக் காப்பின் பட்டியலில் இதுவரை சேர்க்கவில்லை. பழைய விதிகள் எல்லாம் ஒரு காலத்தில் யாரோ கூடிப் பேசிச் சேர்த்தவையே ஆதலின், புதியதொன்றைச் சேர்ப்பது மரபுக்கு மாறானது ஆகாது.

உலகின் பிற இடங்களில் நிதானத்தைக் காக்க எடுத்த முயற்சிகளில் ஓரளவேனும் நிலைத்தவை, தனிமனித உறுதியைக் கடந்து கூட்டு முடிவாக மாறியவையே. 1986-இல் உரோம் நகரில் அமெரிக்க விரைவுணவுக் கடைக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியிலிருந்து கார்லோ பெத்ரீனி முன்னெடுத்த ‘மெல்லுணவு’ இயக்கம், 1999-இல் இத்தாலிய நகராட்சிகள் சேர்ந்த ‘மென்னகர்’ அமைப்புக்கு வழிவகுத்தது. பணிநேரத்துக்குப்பின் அலுவலகச் செய்திகளுக்கு மறுமொழி அளிக்காதிருக்கும் உரிமையைப் பிரான்சு 2017 சனவரி முதல் சட்டத்தில் சேர்த்தது. கரிசலுக்கு மிக நெருங்கிய எடுத்துக்காட்டு மகாராட்டிரத்தின் சாங்கலி மாவட்டத்து வட்காவ் என்னும் ஊர். பெருந்தொற்றுக் காலத்தில் கைப்பேசி வழிக் கல்விக்குப் பழகிய பிள்ளைகள் அதிலிருந்து மீளாததைக் கண்ட அவ்வூரார், 2022 ஆகஸ்டில் கூடி ஒரு முடிவு செய்தனர். நாள்தோறும் மாலை ஏழு மணிக்குக் கோயிலிலிருந்து சங்கு ஒலிக்கும், அதிலிருந்து ஒன்றரை மணிநேரம் வீடுகளில் தொலைக்காட்சியும் கைப்பேசியும் அணைக்கப்படும். ஆலைச் சங்கொலியின் கருவியை எடுத்து, சாட்டின் பணிக்கு வைத்தது போன்ற ஏற்பாடு அது.

வட்காவில் இம்முடிவை எடுக்க ஊராட்சி என்னும் அமைப்பும், அதன் தலைவரும், ஒப்புக்கொண்ட பெண்களின் கூட்டமும் இருந்தன. மல்லாங்கிணறு பேரூராட்சி ஆதலால் அங்குக் கிராம சபை கூடுவதில்லை. ஆனால் அதனைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கூடுகிறது. அவற்றுள் மே 1, காடு ஓய்ந்து பங்குனிப் பொங்கல்கள் முடிந்து ஊரார் இன்னும் கலையாதிருக்கும் காலத்தில் வருகிறது. பழைய சாட்டில் குரல் அற்றிருந்த நிலமற்றோரும் பெண்களும், முன்பு பறையறைய மட்டுமே அழைக்கப்பட்டோரும், இச்சபையில் வாக்கு உள்ளவர்கள். எந்நேரத்தில் நிறுத்துவது, எவ்வளவு நேரம், யாருக்கு விலக்கு, மீறினால் என்ன என்னும் கேள்விகளை அவர்களும் சேர்ந்து பேசித் தீர்மானிப்பதாயின், அது இந்நிலத்தில் அனைவர்க்கும் உரியதாகச் சாட்டப்பட்ட முதல் காப்பாக இருக்கும்.